தந்தத்துக்கு முதுகு காட்டாமல்

தாய்மாமனை அவசரப்படுத்தக் கூடாது என்பது எங்கள் ஊரில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்து வரும் பதினோராவது கட்டளை. அன்று காலை அதை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். கடலில் செத்துப்போகப் பார்த்தது அதனால்தான்.

மாப்பிள்ளை கோபோங்குக்காகப் பரிசம் கொண்டுபோகும் நாள் அது. பெண் வீடு நீரிணையின் எதிர்க்கரையில், வடக்கே, இலே போலெங் எரிமலையின் காலடியில் இருக்கும் லேவோகேரா. எங்கள் கரையிலிருந்து பார்த்தால் மலை கைக்கு எட்டுகிற மாதிரிதான் தெரியும். ஆகஸ்டு மாதத்துத் தென்கிழக்குக் காற்று விடிந்தும் கொஞ்ச நேரம் தூங்கும், வெயில் ஏறினால் எழுந்துவிடும். காற்று வடக்கே தள்ள, நீரோட்டம் தெற்கே இழுக்க, இரண்டும் முட்டிக்கொள்கிற நேரத்தில் நீரிணையில் அலை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதற்கு முன்னால் கடந்துவிட வேண்டும்.

கோபோங்கின் அக்கா பாரெக் இருட்டோடு எழுந்து படகைத் தண்ணீருக்குத் தள்ளிவிட்டாள். அவள் புருஷன் மலேசியாவின் சபாவில் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போய் வருஷங்களாகின்றன. அவன் விட்டுப்போன ஃபைபர் படகும், அதன் பின்பலகையில் தொங்கும் இன்ஜினும் இப்போது அவளுடையவை. வாய்வெராங் சந்தைக்கு மீனும் காயும் ஆளும் ஏற்றிப் போகிறவள் அவள்தான். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவள் படகில்தான் சந்தைக்குப் போகிறார்கள்.

நான் பக்கத்து வீட்டு யானுஸ். ஆட்டைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள், போனேன். பரிசத்தோடு ஒரு கிடாவும் போக வேண்டும்.

பாரெக் படகிலிருந்து இறங்கி வந்து சமையற்கட்டில் எட்டிப் பார்த்தாள். அவள் அம்மா பெனி, மண்சட்டியில் வறுபடும் சோளத்தை வெறும் விரலால் எடுத்துக் கல்லில் வைத்து, மேல்கல்லால் ஒரே அடி. தட்டையாகிற சோளத்தைத் தட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். அந்த விரல்களுக்குச் சூடு என்பதே மறந்துபோயிருந்தது.

"இனா, உங்க அண்ணன் இன்னும் காப்பிதான் குடிக்கிறாரா?"

"ரெண்டாவது காப்பி."

"போய்ச் சொல்லுங்களேன். நீரோட்டம் திரும்பப் போவுது."

"நீ சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? அவர் ஓப்பு."

"உனக்கு ஓப்பு, எனக்கு அண்ணன். தங்கச்சிக்காரி போய் அண்ணனைக் கெளம்புன்னு சொல்லணுமாக்கும்? போடி."

தாய் எங்களுக்கு இனா, தாயின் அண்ணன் ஓப்பு. நம் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த வீடு. அவர் நின்றால் நாம் உட்காரக் கூடாது. அவர் உட்கார்ந்த இடத்தைக் காட்டி 'எழுந்திருங்க' என்று சொல்லக் கூடாது. அவருக்குக் கோபம் வந்தால் ஒரு சபையிலும் வாய் திறக்க மாட்டார். அவர் வாய் திறந்து பேசாமல் எங்களில் ஒரு பரிசமும் கை மாறாது.

ஓப்பு லாதோ மலைக்காரர். மேலே சோளக்கொல்லை, முந்திரி, பன்றி என்று வாழ்ந்தவர். நல்ல கனத்த உடம்பு. காப்பி முடிந்து வெற்றிலை போட்டார். வெற்றிலை முடியும்போது, பரிசமாகக் கொண்டுபோகும் யானைத் தந்தத்தின் கதையை ஆரம்பித்தார்.

அந்தத் தந்தம் பாரெக்கைக் கட்டிக் கொடுத்தபோது அவள் புருஷன் வீட்டிலிருந்து வந்தது. இப்போது கோபோங்குக்காக, அவன் கட்டப்போகும் கேவாவின் வீட்டுக்குப் போகிறது. தந்தம் யார் வீட்டிலும் தங்காது. ஒரு பெண் போனால் வரும், ஒரு பெண் வந்தால் போகும். இந்த வீட்டில் இருப்பது இது ஒன்றுதான். இது கடலில் போனால் கோபோங் கேவாவைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

கதை முடிந்து நாங்கள் கரைக்கு வந்தபோது தென்னை மட்டைகள் ஆட ஆரம்பித்திருந்தன.

ஏற்றும்போது இன்னொரு சிக்கல். தந்தத்துக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. அது முன்னால்தான் போக வேண்டும். ஆகவே புதுக் கைலியில் சுற்றி, படகின் முன்மூக்கில், அணியத்தில் வைத்தார்கள். பெரியவர் தந்தத்தோடு இருப்பதுதான் முறை. ஓப்புவும் அணியத்தில் ஏறி உட்கார்ந்தார். கிடாவைப் பின்னால் கட்டினால் பெட்ரோல் குழாயை உதைக்கும். அதுவும் அணியத்துக்குப் போனது. கயிற்றில் கோபோங் முடிச்சுப் போட்டான். கல்யாண மாப்பிள்ளை போட்ட முடிச்சு.

பாரெக் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். படகு மூக்கைத் தண்ணீரில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தது.

"யானுஸ் அண்ணே, அணியம் ரொம்பக் கனம். திரும்பறப்ப பரவாயில்ல. போறப்ப அலை பின்னாலேருந்து வரும், இது ஆகாது."

"அப்ப சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க."

"நான் ஆடு பிடிக்க வந்தவன்மா."

"கோபோங்?"

கோபோங் கழுத்துப் பித்தானைச் சரி செய்தான். "அக்கா, இன்னிக்கு எனக்குப் பரிசம். என் வாயாலேயே அதைக் கெடுத்துக்கச் சொல்றியா?"

பாரெக் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினாள். இழுத்த வேகத்தில் அவள் கோபம் முழுவதும் இருந்தது.

முனை தாண்டும் வரை கடல் நல்ல பிள்ளையாக இருந்தது. பெனி அம்மா இலையில் சோளத்தையும் சுட்ட மீனையும் வைத்துக் கொடுத்தாள். தின்றுகொண்டே போனோம். ஓப்பு அணியத்தில் இருந்துகொண்டு, "இதுக்கா இந்தப் பொண்ணு காலையிலேருந்து குதிச்சா? எங்க மலை லாரி இதவிட ஆடும்" என்றார்.

"ஆமா ஓப்பு" என்றாள் பாரெக். அவள் கண் பின்னால் இருந்தது.

முனை தாண்டியதும் முதல் அலை வந்தது.

எதிரே வருகிற அலை சண்டைக்காரன் மாதிரி. முகத்துக்கு நேரே அடிக்கும், நாமும் தாங்கிக்கொள்வோம். பின்னால் வருகிற அலை சொந்தக்காரன் மாதிரி. தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டே கூட வரும், குழி வந்ததும் தள்ளிவிடும். அதற்கு மேல் ஏறித் தாண்டினாலும் ஆபத்து, அது நம் மேல் ஏறினாலும் ஆபத்து. முன்னால் போகிற அலையின் முதுகில் தொற்றிக்கொண்டு, அது போகிற வேகத்திலேயே போக வேண்டும். பாரெக்கின் கை இன்ஜின் பிடியில் முறுக்குவதும் தளர்த்துவதுமாக ஒரு கணம் சும்மா இருக்கவில்லை.

மூக்குக் கனமில்லாவிட்டால் அவளுக்கு அது தினப்படி வேலை. அன்று மூக்கில் ஒரு மாமா, ஒரு தந்தம், ஒரு கிடா.

ஒரு பெரிய அலை பின்பக்கத்தைத் தூக்கியது. படகு அதன் சரிவில் வழுக்கி ஓட ஆரம்பித்தது. ஓடிய வேகத்தில் அணியம் முன்னால் போகிற அலையின் முதுகில் குத்தி நின்றது. குத்திய இடம் நிற்க, பின்பக்கம் சுழன்றது. படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு சாய்ந்தது. என் முழங்கை தண்ணீருக்குள் இருந்தது. பாரெக் பிடியைத் தள்ளி முழுவதும் முறுக்கினாள். இன்ஜின் அலறியது. படகு முனகிக்கொண்டு நிமிர்ந்தது.

"மெதுவா போடி!" ஓப்புவின் குரல். வெற்றிலைச் சாறு மோவாயில் வழிந்தது. "கல்யாணத்துக்குப் போறமா, கருமாதிக்கா? வேகத்தைக் குறை!"

"குறைக்கக் கூடாது ஓப்பு..."

"குறைன்னா குறை! பெரியவன் சொல்றேன்!"

பாரெக் குறைத்தாள். தப்பு என்று தெரிந்தேதான் குறைத்தாள். பிறந்ததிலிருந்து பழக்கிய மரியாதை, கை தானாக இறங்கிவிட்டது. படகு தயங்கியது. பின்னால் வந்த அலை தயங்கவில்லை. பின்பலகைக்கு மேலே ஏறி, அவள் மடியில் கொட்டி, எங்கள் கணுக்கால் வரை நிறைந்தது. இன்ஜின் இருமியது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டான் கோபோங். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை போய்விட்டிருந்தது.

நிற்கவில்லை. இருமி, துப்பி, மறுபடி பிடித்துக்கொண்டது. நான் ஆட்டை விட்டுவிட்டு வாளியை எடுத்தேன். பெனி அம்மா சோளப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அதால் இறைத்தாள். விடியற்காலை முழுவதும் இடித்த சோளம் படகுக்குள் மிதந்தது.

அப்போதுதான் பாரெக் அதைச் சொன்னாள்.

"ஓப்பு! எழுந்திரிங்க! பின்னால வாங்க!"

காற்று கூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. பெனி அம்மா இறைப்பதை நிறுத்திவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அலைக்காகப் போட்டாளா, மகள் சொன்ன வார்த்தைக்காகப் போட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஓப்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை தந்தத்தின் மேல். கழுத்து விறைத்திருந்தது. அந்தக் கழுத்தை எங்கள் ஊர் சபைகளில் பார்த்திருக்கிறேன். அது அப்படி விறைத்தால் பிறகு நாலு பன்றி அறுத்தாலும் இளகாது.

"அண்ணே, சின்னப் பொண்ணு, பயத்துல..." என்றாள் பெனி அம்மா.

"யாரு பயந்தது? நான் பயப்படல இனா. மூக்கு கனமா இருக்கு. அவர் அங்க இருக்கற வரைக்கும் இந்தப் படகு என் கையில இல்ல."

"தந்தத்தை விட்டுட்டு நான் நகர மாட்டேன்" என்றார் ஓப்பு, கடலைப் பார்த்து. "அதைப் பின்னால வைக்கவும் விட மாட்டேன். உங்க நாலு பேர் முதுகையும் பாத்துக்கிட்டு வரவா அது இத்தனை தலைமுறை இருந்துச்சு?"

ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் கடல். மாமா அங்கேயே உட்கார்ந்தால் படகு கவிழும். மாமா கோபித்தால் கல்யாணம் கவிழும். கோபோங் வாயைத் திறந்து திறந்து மூடினான், கரையில் போட்ட மீன் மாதிரி.

அடுத்த அலை தூக்கியது. அணியம் மறுபடி குத்தியது. பச்சைத் தண்ணீர் ஓப்புவின் இடுப்பு வரை வந்து போனது. அதில் மாப்பிள்ளை போட்ட முடிச்சு அவிழ்ந்தது. கிடா ஒரு துள்ளில் ஓப்புவின் தோளில் கால் வைத்து, என் தலைக்கு மேலே பறந்து, பெனி அம்மாவின் மடியைத் தாண்டி, நேராகப் பாரெக்கின் காலடியில் வந்து விழுந்து உடம்பைச் சிலிர்த்தது.

அணியம் ஒரு சாண் உயர்ந்தது. எல்லோரும் பார்த்தோம். அடுத்த அலையில் படகு குத்தாமல் தத்திப் போனது, அதையும் பார்த்தோம்.

கிடா மட்டும் "மே" என்றது.

ஓப்பு மெதுவாகத் திரும்பினார். ஆட்டைப் பார்த்தார். தோளில் இருந்த குளம்புத் தடத்தைப் பார்த்தார்.

"யானுஸ்."

"சொல்லுங்க ஓப்பு."

"இந்தக் கிடாவை யாராவது எழுந்திரின்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க. அதுவா வந்துடுச்சு."

"அப்ப நானும் நானாத்தான் வர்றேன். கேட்டுக்க."

தந்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நிற்க முடியாமல் முழங்காலால் தவழ்ந்து வந்தார். அந்தக் கனத்த உடம்பு ஒவ்வொரு பலகையாகக் கடந்து வருகிற வரை நாங்கள் மூச்சு விடவில்லை. தொட்டுத் தாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோர் கையும் காற்றில் நின்றது. பாரெக் மட்டும் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் பின்னால் பார்த்து, முன்னால் பார்த்து, முறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருந்தாள்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தந்தத்தை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ஓப்பு மூச்சு வாங்கினார். பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மூன்று முதுகுகள்.

"திரும்புங்க" என்றார்.

"என்ன ஓப்பு?"

"திரும்பி உட்காருங்கடா. தந்தம் இங்க இருக்கு. முகம் இங்க இருக்கணும்."

திரும்பினோம். இப்போது நாங்கள் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஓப்புவும் தந்தத்தோடு பக்கவாட்டில் திரும்பி, பின்னால் வருகிற கடலைப் பார்த்தார். அதுவரை முதுகுக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது. முதல் முறையாகப் பார்த்தார்.

"சேசு மரியே" என்றார். சத்தமே வரவில்லை.

"பெருசா வருதா ஓப்பு?" பாரெக் முன்னால் பார்த்தபடி கேட்டாள். இப்போது அவள் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. எட்டுக் கண் அவளுக்காகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"வருது... வருதுடி! பன்னிக்கொட்டாய் உசரம்!"

"பன்னிக்கொட்டாய்னா எவ்வளவு?"

"என் இடுப்பு உசரம்!"

"அது சின்னது ஓப்பு. விடுங்க."

"அதுக்குப் பின்னால ஒண்ணு வருது. சோளக்களஞ்சியம்!"

"கூரையோடயா, கூரையில்லாமலா?"

"கூரையோட! நுரை வேற இருக்கு கூரையில!"

பாரெக் பிடியைத் தளர்த்தினாள். களஞ்சியம் எங்கள் அடியில் புகுந்து, தூக்கி, முன்னால் போனது. போனதும் முறுக்கி அதன் முதுகில் ஏற்றினாள். அணியம் லேசாக நிமிர்ந்து, அதையே பிடித்துக்கொண்டு போனது.

"போயிடுச்சா?" என்றார் ஓப்பு.

"அது முதுகுலதான் உக்காந்திருக்கோம்."

"ஹா!" ஓப்புவுக்குச் சிரிப்பு வந்தது. "பெனி, பாத்தியா? களஞ்சியத்து மேல உக்காந்திருக்கோம்!"

"உக்காருங்க அண்ணே, நல்லா உக்காருங்க" என்றாள் பெனி அம்மா, மிதந்த சோளத்தை அள்ளிப் பிழிந்துகொண்டே.

அதற்குப் பிறகு நீரிணை முழுவதும் கொட்டாய், களஞ்சியம், கோழிக்கூண்டு, ஒரே ஒரு தடவை "மாதா கோயில்!" அந்தக் கோயிலுக்கு நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். பாரெக் மட்டும் மூடவில்லை. அது கடந்த பிறகு கோபோங் என்னிடம் கிசுகிசுத்தான்: "அண்ணே, ஓப்பு கோபமா இருக்காரா இல்லியா?"

"இப்ப கேக்காதே. இப்ப அவருக்கு வேலை இருக்கு."

லேவோகேரா கரைக்கு முன்னால் ஒரு பாறைத் திட்டு. அதன் நடுவில் படகு நுழைகிற அளவு ஒரு வாய். அங்கே நீரோட்டம் சாதுவாகிவிடும். ஆனால் உருண்டு வருகிற அலைகள் அந்த வாயில்தான் உடையும். பாரெக் வேகத்தைப் பாதியாக்கி வெளியே தாமதித்தாள்.

"ஓப்பு, பெருசுங்க கூட்டமா வரும். கூட்டம் போனா கடல் ஒரு மூச்சு விடும். கடைசிப் பெருசு எதுன்னு பாத்துச் சொல்லுங்க. அது முதுகுல போயிடுவேன்."

கடலே தெரியாத மனுஷனிடம் அதை ஒப்படைத்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. வாயின் இரண்டு பக்கப் பாறையையும் விட்டு அவள் கண்ணை எடுக்க முடியாது.

ஓப்பு நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மலைச்சரிவில் மழை வருகிறதா என்று பார்க்கிற பார்வை.

"களஞ்சியம் ஒண்ணு. இரு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. இருடி, அவசரப்படாதே."

பாரெக்கை அவசரப்படாதே என்றார். பெனி அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு. இதுக்குப் பின்னால... கொல்லை. வெறும் கொல்லை. வரப்பு கூட இல்ல. இதுதான் கடைசி. போ! போடி என் கண்ணு, போ!"

முறுக்கினாள். உடைந்து வெண்ணுரையாகச் சிதறுகிற அலைக்குப் பின்னாலேயே, அதைத் துரத்துகிற மாதிரி, பாறை இரண்டு பக்கமும் சர்ரென்று ஓட, உள்ளே போனோம். உள்ளே தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பாரெக் இன்ஜினை நிறுத்தினாள். அந்த அமைதியில் எல்லோருடைய மூச்சும் கேட்டது.

அவள் கை பிடியிலிருந்து வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மறுகையால் பிரித்து எடுத்தாள்.

கரையில் கேவாவின் அப்பா சுபானும் அவர் ஆட்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசம் கொண்டுவரும் கூட்டம், பெண் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரை சேர்ந்திருக்கிறது.

"எத்தனையோ சம்பந்திங்க வந்திருக்காங்க" என்றார் சுபான். "பின்பக்கத்தைக் காட்டிட்டு வந்து எறங்கறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கோபோங் என் கையைப் பிடித்துக்கொண்டான். இனி ஓப்பு பேச வேண்டும். பேசுவாரா, அந்தக் கழுத்து மறுபடி விறைக்குமா?

ஓப்பு தந்தத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். தலையில் சோளம் ஒட்டியிருந்தது.

"எங்களை வழி நெடுகத் துரத்திட்டு வந்தவன் அவன்" என்று கடலைக் காட்டினார். "மரியாதை அவனுக்குக் கொடுத்துட்டோம். மிச்சம் இருக்கறது உங்களுக்கு."

சுபான் பாறை வாயைப் பார்த்தார். அதற்கு அப்பால் நீரிணையைப் பார்த்தார். அங்கே இப்போது வெள்ளை வெள்ளையாக எல்லாம் உடைந்துகொண்டிருந்தது. அவர் கடலில் மீன் பிடிக்கிறவர். சொல்லத் தேவையில்லை.

"இதுலயா வந்தீங்க? யாரு ஓட்டினது?"

"என் தங்கச்சி மக." ஓப்பு தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன், பின்னால காதுல விழுந்தா நல்லா இருக்காது. நடுக்கடல்ல இவ என்னைப் பாத்து எழுந்திரின்னு சொன்னா."

கரை முழுவதும் 'உஸ்' என்றது. பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி வாயில் கை வைத்தாள்.

"சும்மா விட முடியாது. அபராதம் போட்டிருக்கேன். ஒரு சேவல். சிவப்புச் சேவல். ஊர் போனதும் அவ சமைக்கணும், நான் திங்கணும்."

"காரம் தூக்கலாவா ஓப்பு?" என்றாள் பாரெக், படகிலிருந்தே.

"தூக்கலா. அப்புறம் நீயும் உக்காந்து திங்கணும். அதுவும் அபராதத்துல சேத்தி."

சுபான் முதலில் சிரித்தார். பிறகு கரை சிரித்தது. யாரோ மூங்கில் குழாயில் கள்ளைக் கொண்டுவந்து ஓப்புவின் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைத் திரும்பிப் பாரெக்கிடம் நீட்டினார். எங்கள் ஊரில் அதை யாரும் பார்த்ததில்லை. பெனி அம்மா மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, சோளம் எல்லாம் வீணாகிவிட்டதே என்றாள்.

மத்தியானம் தந்தத்தைப் பாயில் வைத்துக் கையால் முழம் போட்டு அளந்தார்கள். சுபானின் விரல் நுனியிலிருந்து எதிர்த் தோளைத் தாண்டி நீண்டது. ஓப்பு பேசினார், அவர்கள் பேசினார்கள், ஓப்பு மறுபடி பேசினார். கேவா சமையற்கட்டு வாசலில் நின்று கோபோங்கைப் பார்த்தாள். சட்டை முழுவதும் உப்புப் பூத்து, முழங்காலில் ஆட்டுப் புழுக்கையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும்தான். சரி என்று முடிந்தது.

மறுநாள் காற்று எழுவதற்கு முன்பே ஓப்பு எழுந்து கரையில் நின்றிருந்தார். காப்பி கூடக் கேட்கவில்லை. "நீரோட்டம் திரும்பறதுக்குள்ள கெளம்பணும்ல?" என்று எங்களை விரட்டினார்.

பெண் வீட்டுச் சீராக, நெய்த கைலிகளும் ஒரு கொழுத்த பன்றியும் படகில் ஏறின. பாரெக் அலையைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கை காட்டினாள்.

"ஓப்பு, இன்னிக்கு எதிர் அலை. மூக்குல கனம் இருந்தா நல்லதுதான். உங்க எடத்துல போய் உக்காருங்க."

ஓப்பு அணியத்தைப் பார்த்தார். நேற்று குளித்த இடம். பிறகு இன்ஜினுக்குப் பக்கத்தில், நேற்றைய பலகையில், அழுத்தமாக உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

"பன்னியை அங்க வை" என்றார். "இன்னிக்குப் பெரியவர் அதுதான்."